வெண்புறாவின் தங்கை

மல்யுத்தக் கம்பெனியில் சேர்ந்த அன்றே சின்னவளுக்கு அக்கா இல்லாமல் போனாள். செத்துப் போகவில்லை. பக்கத்து அறையில் முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். முதலாளிதான் மேசைக்குப் பின்னாலிருந்து, பல் குத்திக்கொண்டே, அந்த உறவை அறுத்துவிட்டார்.

"இன்னையிலேருந்து நீ யாரோ, அவ யாரோ. அவ வெண்புறா. கூட்டுலேருந்து விழுந்த அநாதைக் குஞ்சு. ஜனங்க அப்படித்தான் அவளை நெஞ்சுல வச்சிருக்காங்க. அநாதைக்கு அம்மா ஏது, தங்கச்சி ஏது? நீ தேள். ரிங்குக்கு வெளியில உங்க ரெண்டு பேரையும் எவனாவது ஒண்ணா பார்த்தான்னா அன்னையோட ரெண்டு பேர் சீட்டும் கிழிஞ்சுது."

சின்னவள் தலையாட்டினாள். அப்போது அது அவளுக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. சிரிப்புதான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு வெளியே வந்தால், நடையில் எதிரே பெரியவள். ஒருத்தியை ஒருத்தி தெரியாதவர்கள் போலக் கடந்து போனார்கள். கடந்த பிறகு பெரியவள் தும்முவது போல ஒரு சத்தம் கேட்டது. அது தும்மல் இல்லை என்று சின்னவளுக்குத் தெரியும்.

வீட்டில் அவர்கள் மூன்றே பேர். அம்மாவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை. அப்பா இருந்த காலத்திலேயே இல்லாத மாதிரிதான் இருந்தார். பிறகு நிஜமாகவே இல்லாமல் போனார். பெரியவள் வாய்க்காரி. நாலு பேர் இருக்கிற இடத்தில் ஐந்தாவது ஆளுக்கும் சேர்த்துப் பேசுவாள். சின்னவள் நேர்மாறு. பசித்தால்தான் வாயைத் திறப்பாள். கடவுள் அவளுக்குப் பேச்சில் பிடித்த கஞ்சத்தனத்தை உடம்பில் ஈடுகட்டியிருந்தார். கதவு நிலையில் குனிந்துதான் வருவாள். உட்கார்ந்தால் நாற்காலி ஒரு தரம் முனகும்.

ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கிற ஒரு சலவைக்கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். இயந்திரத்திலிருந்து ஈரத் துணியை வாரி எடுத்து, தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்தும் அறைக்குக் கொண்டு போக வேண்டும். நனைந்த படுக்கை விரிப்பு பிணமாய்க் கனக்கும். பிடிக்க வாகாக ஒரு மூலையும் இருக்காது. மூன்று வருடம் அதைத் தூக்கியவளுக்கு ஒரு மனுஷியைத் தூக்குவது விளையாட்டு. தூக்கப்படுகிறவள் கொஞ்சம் எம்பிக் கொடுப்பாள். படுக்கை விரிப்பு கொடுக்குமா?

பெரியவள் அதற்குள் கம்பெனியில் பேர் வாங்கியிருந்தாள். வெள்ளை உடை, தோளில் இறகு, எப்போதும் முதலில் அடி வாங்கிக் கடைசியில் எழுந்து ஜெயிக்கிற வேடம். அவளுக்கு எதிராக நிற்கத்தான் ஆள் நிலைக்கவில்லை. ஒருத்தி கல்யாணம் ஆகிப் போனாள், ஒருத்தி இடுப்பு பிடித்துக்கொண்டு போனாள், இன்னொருத்தி ஜனங்களுடைய வசவு தாங்காமல் போனாள். "வீட்டுலயே ஒருத்தி இருக்கா சார்" என்று பெரியவள்தான் முதலாளியிடம் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று பிற்பாடு அம்மா சொல்வாள். யார் ஓணான், யார் மடி என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

ஒரு பழைய கிடங்கில் பயிற்சி. ரிங் என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிற மாதிரி மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு, அதன்மேல் இழுத்துக் கட்டிய கித்தான். முதல் நாள் விழுந்தபோது சின்னவளுக்கு முதுகில் யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், விழுகிற நொடியில் மூச்சை வெளியே விட வேண்டும், இரண்டு கையாலும் தரையை அறைய வேண்டும். அந்த அறைச்சலின் சத்தம்தான் கூட்டத்துக்கு. வலி விழுகிறவளுக்கு. யார் ஜெயிப்பது என்பது காலையிலேயே முடிவாகிவிடும். ஆனால் விழுவது எல்லாமே நிஜம்.

இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு பெரிய வீழ்ச்சிக்குப் பிறகும், அடித்தவள் விழுந்தவளுடைய மணிக்கட்டைப் பிடிப்பாள். பார்க்கிறவர்களுக்குக் கையை முறுக்குவது போலத் தெரியும். விழுந்தவள் ஓர் அழுத்து அழுத்தினால், ஒன்றுமில்லை, மேலே போகலாம் என்று அர்த்தம். அழுத்தம் வராவிட்டால் எங்கேயோ நிஜமாகவே அடிபட்டிருக்கிறது.

தேளுக்கு அம்மாதான் கறுப்பு உடை தைத்தாள். பின்பக்கம் பின்னல் போலத் தொங்குகிற ஒரு வால். முதலாளி சின்னவளின் பாதித் தலையை மழிக்கச் சொன்னார். மீதிப் பாதியைச் சிவப்பாக்கினார்கள். நெற்றியிலிருந்து உதடு வரை கறுப்புக் கோடுகள். கண்ணாடியில் பார்த்தபோது தேள்தான் நின்றது. முகத்துக் கோடுகளைக் கழுவிவிடலாம். மழித்த தலையை என்ன செய்வது?

முதல் ஆட்டத்திலேயே கூட்டம் அவளைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால் வெறுத்தது. அவள் ஒன்றும் பேச மாட்டாள். கயிற்றருகே நின்று சும்மா பார்ப்பாள். அந்த மௌனமே ஜனங்களுக்கு ஆணவமாகத் தெரிந்தது. வெண்புறாவின் இறகை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டபோது பெண்கள் எழுந்து நின்று சாபம் விட்டார்கள். திரைக்குப் பின்னால் முதலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டார். ஒரு வருடத்துக்குள் சுவரெல்லாம் இரண்டு முகங்கள்: இடப்பக்கம் புறா, வலப்பக்கம் தேள், நடுவில் ஒரு மின்னல் கோடு.

அக்காவும் அம்மாவும் இருந்த அடுக்குமாடி வீட்டை விட்டு சின்னவள் முதலிலேயே வெளியேறியிருந்தாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு மாடி அறை. புறாவைப் போல நல்லவள் வேடக்காரிகள் ஒரு வண்டியில் போவார்கள், தேளைப் போன்ற வில்லிகள் கூட்டம் வேறு வண்டி. வெளியூரில் தங்குவதும் வேறு வேறு இடம்.

வெறுப்பு முதலில் வேடிக்கையாக இருந்தது. பேருந்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து போவாள். சௌகரியமாகக் காலை நீட்டிக்கொள்ளலாம். ரொட்டிக் கடைக்காரர், "புறாவை அடிக்கிற கைக்கு நான் ரொட்டி கொடுக்கறதில்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவள் சிரித்தாள். அடுத்த முறை சிரிக்கவில்லை. மாடி அறையின் சொந்தக்காரர் ஒரு நாள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பா எடுத்துக்காதேம்மா, எங்க வீட்டுல பயப்படறாங்க" என்றார். டயர் கடை ஒன்றின் மேலே வேறு அறை பிடித்தாள். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம்.

ஆட்டமில்லாத நாளில், தலையைத் துணியால் மூடிக்கொண்டு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக அம்மா வீட்டுக்கு ஏறுவாள். தன் வீட்டுக்குள் தானே திருடியாய் நுழைவாள். மூன்று பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெரியவள் அந்த வாரத்து ஆட்டத்தை நடித்துக் காட்டுவாள். தேள் முறைப்பது போல முறைப்பாள். மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது; அவர்களுக்கு அம்மாகூடப் புறாவின் தையற்காரிதான். பிறகு ஒவ்வொன்றாகப் பாத்திரம் கழுவி, முதலில் பெரியவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்து, "ம், போ" என்பாள். அந்த "ம், போ" சின்னவளுக்கு நாளாக நாளாகக் கசந்தது.

ஒரு நாள் அவள் பழைய சலவைக்கூடத்துக்குப் போனாள். மேற்பார்வைக்காரர் நல்ல மனுஷன். அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"திரும்ப வேலைக்கு வரலாம்னு பார்க்கறேன்" என்றாள்.

அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தார். அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கைகூட வேலை செய்யவில்லை. எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னே இவளோடு ஒரே தள்ளுவண்டியைத் தள்ளியவள், இவள் கண் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ நல்ல பொண்ணுன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "ஆனா பாரு, நீ வந்து உட்கார்ந்ததுக்கே இப்படி. நீ இங்க நின்னா ஒருத்தரும் துணியைப் பார்க்க மாட்டாங்க. கொஞ்ச நாள் போகட்டும். முடியெல்லாம் வளரட்டும்."

முடி எப்படி வளரும்? வாராவாரம் மழிக்க ஆள் வந்துகொண்டிருந்தான்.

அந்த விபத்து ஒரு விடுமுறை நாள் மதிய ஆட்டத்தில் நடந்தது. சந்தைக் கட்டடத்துக்குள் ரிங் போட்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாகக் கூட்டம். திட்டம் வழக்கமானதுதான்: தேள் நெடுநேரம் அடிப்பாள், புறா தள்ளாடி எழுந்து தேளைத் தோளுக்குமேல் தூக்கி வீசுவாள், மூலைக் கம்பத்தில் ஏறிச் சிறகை விரித்துக் குதித்து மேலே விழுவாள், நடுவர் எண்ணுவார், முடிந்தது.

பாதி ஆட்டத்தில் சின்னவள் அக்காவை இடுப்போடு தூக்கி முன்பக்கமாக எறிந்தாள். நூறு தடவை செய்ததுதான். ஆனால் அன்று ரிங்கின் அடிப்பலகை ஒன்று பொருத்திலிருந்து கழன்றிருந்தது. பெரியவள் விழுந்த இடம் கால்வாசி உள்ளே அமுங்கியது. முதுகில் விழ வேண்டியவள் தோளில் விழுந்தாள். அந்தச் சத்தம் தரையை அறைகிற சத்தம் இல்லை. பச்சை மரக்கிளையை முறிக்கிற சத்தம்.

சின்னவள் குனிந்து மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்தம் வரவில்லை. விரல்கள் ஈரத் துணியாய்க் கிடந்தன.

கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. அவள் நடுவரைப் பார்த்தாள். அவர் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் திரைப்பக்க ஓரத்தில் குனிந்து முதலாளியிடம் பேசிவிட்டு வந்தார். வந்தவர் உதடு அசையாமல் சொன்னார்: "முடிவை மாத்தக் கூடாதாம். புறாதான் ஜெயிக்கணுமாம்."

சின்னவள் அக்காவின் முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கினாள். பார்க்கிறவர்களுக்கு அது கொடுமை. காதோரம் போய், "அக்கா, படுத்துக்க. நான் முடிச்சுடறேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் பெரியவள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "ஜெயிச்சுட்டுத்தான் இறங்குவேன்."

"பைத்தியமா உனக்கு?"

"கத்துடி. கூட்டம் பார்க்குது."

சின்னவள் கத்தினாள். வாயில் வந்த வசவையெல்லாம் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். அதில் எது யாருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு வேலையைத் தொடங்கினாள். ஒற்றைக் கை உள்ள ஒருத்தியிடம், அதுவும் நிற்கவே முடியாதவளிடம், தான் தோற்றாக வேண்டும். அதை அவளே செய்துகொள்ள வேண்டும். ஓடி வந்து அக்காவின் நல்ல கையில் தானே மோதி, தானே எம்பி, தானே ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடி, அக்கா லேசாக விலகியதும் மூலைக் கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அது கணக்கு தவறி நிஜமாகவே இடித்தது. கண்ணில் ரத்தம் வழிந்தது. அக்காவின் விரலைத் தன் வாலில் சுருட்டிவிட்டு, அவள் இழுக்கிற மாதிரி தன்னையே பின்னால் இழுத்துக்கொண்டு போய் மல்லாந்து விழுந்தாள். கூட்டம் இருக்கை மேல் ஏறி நின்றது. இப்படி ஒரு ஆட்டம் பார்த்ததில்லை என்று அன்று வந்தவர்கள் நெடுநாள் பேசிக்கொண்டார்கள்.

பெரியவளால் கம்பத்தில் ஏற முடியவில்லை. இரண்டடி நடந்து, வேர் அறுந்தவள் போலத் தங்கையின்மேல் சாய்ந்தாள். இடம் மாறிப்போன தோள் எலும்பு சின்னவளின் கன்னத்தில் முட்டியது. அக்காவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. நடுவர் எண்ணினார். எண்ணி முடிக்கிற வரை அசையக் கூடாது. அவ்வளவு நீளமான ஒன்று, இரண்டு, மூன்றைச் சின்னவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

தூக்குப் படுக்கை வரத் தாமதமானது. முன்வரிசையிலிருந்து ஒரு லாரி டிரைவரும் அவருடைய மைத்துனனும் ஏறி வந்து புறாவைத் தங்கள் கையிலேயே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேள் விதிப்படி எதிர்ப்பக்கம் இறங்கி, வசவுக்கும் காலித் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் நடுவே நடந்து போக வேண்டியிருந்தது. போனாள். திரைக்குப் பின்னால் போனதும், யாரோ தொங்கவிட்டிருந்த கோட்டை எடுத்து உடைமேல் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரி அறை வாசலில் அந்த லாரி டிரைவர் நின்றிருந்தார். மைத்துனன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இவளைக் கண்டதும் இருவரும் வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

"எங்க வந்தே?"

"அவங்களைப் பார்க்கணும்."

"பார்த்தது போதாதா? மிச்சம் இருக்கற கையையும் பார்த்துட்டுப் போக வந்தியா?"

"நான் அவ தங்கச்சி" என்றாள் சின்னவள். கம்பெனியில் சேர்ந்த பிறகு அந்த வார்த்தையை அவள் வெளியில் சொன்னது அதுதான் முதல் முறை.

டிரைவர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் சிரித்தான். "அண்ணே, கேட்டீங்களா? புறாக் கூட்டுல தேள் பொரிச்சிருக்காம்."

"அவளுக்கு யாரும் இல்லைன்னு ஊருக்கே தெரியும்" என்றார் டிரைவர். "அதனாலதான் நாங்க நிக்கறோம்."

அப்போது கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். சின்னவள் எட்டி அவள் கையைப் பிடித்தாள். "சிஸ்டர், நான் அவங்க சிஸ்டர்."

"யாரு சிஸ்டர்? தெளிவா சொல்லும்மா."

"உள்ள இருக்கறவங்களோட தங்கச்சி. கூடப் பிறந்தவ. கேட்டுப் பாருங்க."

நர்ஸ் அவளுடைய பாதி மழித்த தலையையும், கறுப்பும் ரத்தமும் குழைந்திருந்த முகத்தையும் பார்த்தாள். "இருங்க, கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள். கதவு பாதி திறந்தே நின்றது. சுவரோரக் கட்டிலில் பெரியவள் சாய்ந்திருந்தாள். வலக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நர்ஸ் குனிந்து கேட்டாள். பெரியவள் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். டிரைவரின் தோளுக்கு மேலாகச் சின்னவளின் கண்ணை நேராகவே பார்த்தாள்.

"எனக்குத் தங்கச்சி கிடையாது, சிஸ்டர்" என்றாள். "யாரையும் உள்ள விடாதீங்க."

சின்னவள் அங்கேயே நின்றாள். அக்கா அடுத்து ஏதோ சொல்லப் போகிறாள், கண்ணாலாவது ஒரு ஜாடை காட்டுவாள் என்று நின்றாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

லாரி டிரைவரின் குரல் ஏனோ தணிந்துவிட்டது. "போம்மா. போய் முதல்ல அந்த நெத்தியைக் காட்டு. ரத்தம் வருது" என்றார். அவள் அதுவரை தாங்கிக்கொண்டிருந்தாள். எதிரிக்குக் காட்டுகிற அந்த இரக்கம்தான் அவளைப் படிக்கட்டில் உட்கார வைத்தது.

மறுநாள் காலை அம்மா போனாள். அம்மாவும் அம்மாவாகப் போக முடியாது. அநாதைக்கு அம்மா ஏது? கையில் துணிப் பையோடு போய், "நான் அவங்களுக்கு டிரெஸ் தைக்கறவ, அளவெடுக்கணும்" என்று சொல்லி உள்ளே நுழைந்தாள். டயர் கடைக்கு மேலே இருந்த அறைக்கு நேராக வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இருக்கா. அந்த டிரைவர் வீட்டம்மா வந்து ஊட்டிவிட்டுட்டு இருக்கா. நான் ஓரமா நின்னேன். நான் கிளம்பும்போது உங்கக்கா, 'சரி, தையற்காரம்மா, போயிட்டு வாங்க'ன்னா." அம்மா பையிலிருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "பெத்த பொண்ணு என்னை 'வாங்க போங்க'ன்னு கூப்பிட்டு இன்னைக்குத்தான் கேட்டேன்."

பெரியவளை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில் சின்னவள் பின்பக்கப் படியேறிப் போனாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள். போனதும் கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேலை போயிடும்னு சொன்னேன்."

"அதுக்காக மட்டுமா?"

வாய்க்காரி பேசாமல் இருந்தால் வீடே வேறு வீடாகிவிடுகிறது.

"இல்ல" என்றாள் பெரியவள். "நீ எறிஞ்சது திட்டப்படிதான், பலகைதான் உள்வாங்கிடுச்சுன்னு என் மண்டைக்குத் தெரியும். தோளுக்குத் தெரியல. அந்த நேரம் உன் முகத்தைப் பார்த்தா எனக்குத் தேள்தான் தெரிஞ்சுது. அது ஒண்ணு. இன்னொண்ணு, அந்த டிரைவர் என்னைத் தூக்கிட்டு ஓடினார் பாரு, அவர் அழுதுட்டே ஓடினார். ஒத்தைக் கையால ஜெயிச்சுட்டியேம்மா, ஜெயிச்சுட்டியேம்மான்னு. அத்தனை வலியில அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. நீ என் தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொன்னா அதுவும் பொய்யாயிடும்."

"அது பொய்தானே அக்கா. நான்தான் விழுந்தேன்."

"தெரியும்" என்றாள் பெரியவள். "நீ சொல்லாதே."

அக்காவுக்குத் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. சின்னவள் சீப்பை எடுத்து வாரிப் பின்னிவிட்டாள். அந்தத் தோள் இனி ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதலாளி சின்னவளைக் கூப்பிட்டனுப்பினார். அன்று அவர் குரலில் தேன் சொட்டியது.

"இனிமே நீதான் கம்பெனி. ஒவ்வொரு ஊர்லயும் ஆட்டத்துக்கு முன்னாடி மைக்கை எடுத்து, 'புறாவை முடிச்சது நான்தான்'னு சொல்லு. அதைக் கேட்டுட்டு உன்னை அடிக்க ஒருத்தி வருவா. அவளை நான் பிடிச்சுட்டு வர்றேன்."

"என்னால முடியாது சார்."

"சரி, வேண்டாம்" என்றார் உடனே. அதுதான் பயமாக இருந்தது. "வேற எங்க போவே? இந்தத் தலையோட, இந்த முகத்தோட. யார் கதவைத் திறப்பா? யோசிச்சுட்டு வா."

யோசிக்க என்ன இருந்தது? சலவைக்கூடத்தில் குடித்த டீயின் சூடு இன்னும் நாக்கில் இருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் டயர் கடை வாசலில் பிடித்துக்கொண்டபோது அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்தாள்: அவள் என் கூடப்பிறந்தவள், பலகை கழன்றிருந்தது, நான் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள், 'கையை ஒடித்துவிட்டு உறவு கொண்டாடும் தேள்' என்று படத்தோடு வந்தது. முதலாளி அதை வெட்டித் தன் அறைச் சுவரில் ஒட்டினார். ரொட்டிக் கடைக்காரர் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்.

மறுபடி பின்பக்கப் படி. அன்று அம்மா வேலைக்குப் போயிருந்தாள். சின்னவள் விஷயத்தைச் சொன்னாள். பெரியவள் துள்ளுவாள், சீ என்பாள் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஒரு தடவை சொன்னால் போதும், கம்பெனியின் மூஞ்சியில் காறித் துப்பிவிட்டு வந்துவிடலாம் என்றிருந்தாள்.

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை.

"செய்" என்றாள்.

"என்ன அக்கா சொல்றே?"

"நான் வீட்டுக்குள்ள உட்கார்ந்தாச்சு. இன்னும் ஆறு மாசத்துல வேற ஒருத்திக்கு இறகைக் கட்டிவிட்டு அவளைப் புறாம்பாங்க. என்னை எவனுக்கு ஞாபகம் இருக்கும்? நீ ஊர் ஊரா என் பேரைச் சொல்லித் திட்டிட்டு இருந்தா நான் இருக்கேன். நீ நிறுத்தினா நான் போயிட்டேன்." பிறகு, பழைய வாய்க்காரியாகவே, "எங்க, சொல்லிக் காட்டு. என்ன சொல்லுவே?" என்றாள்.

சின்னவள் சமையலறை நடுவில் நின்றாள். "புறாவோட சிறகை உடைச்சது நான்தான்" என்றாள்.

"ரேஷன் கடையில பேர் சொல்ற மாதிரி சொல்றே. அதோட 'உடைச்சது' வேண்டாம். சட்டி பானையைத்தான் உடைப்பாங்க. 'ஒடிச்சேன்'னு சொல்லு. அதுல சத்தம் கேட்கும்."

"அக்கா, வேண்டாம்."

"சொல்லுடி. மெதுவா, பல்லைக் கடிச்சு. நீ கத்தினா யாரும் நம்ப மாட்டாங்க."

சொன்னாள். பெரியவள் கேட்டாள், திருத்தினாள், மறுபடி சொல்லச் சொன்னாள். கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தாளம் போட்டாள். சாவியைத் திருகி உள்ளே வந்த அம்மா, வாசலிலேயே நின்று இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏண்டி, உங்களுக்குப் பேச வேற விஷயமே இல்லையா?" என்றாள். அவள் பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு விளையாட்டரங்கத்தில் சின்னவள் முதல் முறையாக மைக்கைப் பிடித்தாள். அதுவரை தேள் பேசியதே இல்லை. அதனால் அரங்கம் உடனே அடங்கியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி வெண்புறாவின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துத்தான் சின்னவள் சொன்னாள். மெதுவாக, பல்லைக் கடித்து, அக்கா சொல்லிக்கொடுத்த இடத்தில் மூச்சு வாங்கி.

"அந்தச் சிறகை நான் ஒடிச்சேன்."

ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த ஒரு நொடியில் இன்னொரு வாக்கியம் அவள் வாய் வரை வந்தது: அவ என் அக்கா. சொல்லியிருக்கலாம். மைக் கையில்தான் இருந்தது. ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதையும் தேளின் நக்கல் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்துவார்கள். அவள் எதைச் சொன்னாலும் இனி தேள் சொன்னதாகத்தான் இருக்கும். பிறகு அரங்கமே எழுந்து கத்தியது. முன்வரிசைப் பெண்மணி அழுதுகொண்டே கையை நீட்டிச் சபித்தாள். சின்னவள் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்கு எப்போதும் வரும்.

அதன்பிறகு அவள் பேர் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. பெரிய அரங்கங்கள், தூர ஊர்கள். இப்போது வருகிற எதிராளிகள் யாரும் திரைக்குப் பின்னால்கூடத் தேளோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. அவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையை நம்பவே செய்கிறார்கள். ஒருத்தி அவளிடம் மணிக்கட்டைக் கொடுக்கும்போதே நடுங்குகிறாள்.

அதெல்லாம் பிற்பாடு. அன்று, முதல் முறை மைக்கைப் பிடித்த விளையாட்டரங்கத்திலிருந்து திரும்பிய மறுநாள் மத்தியானம் அவள் அக்காவிடம் போனாள். பெரியவள் காத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தட்டை மடியில் வைத்து அவளுக்கு ஊட்டிவிட ஆரம்பித்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"கத்தினாங்களா?"

"கத்தினாங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் இறங்கிப் போற வரைக்கும்."

பெரியவள் கண்ணை மூடி மெதுவாக மென்றாள். விழுங்கிவிட்டு, அடுத்த கவளத்துக்கு வாயைத் திறப்பதற்கு முன், "அடுத்த ஊர்ல, 'ஒடிச்சேன்'க்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் நிறுத்து" என்றாள். சின்னவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கவளத்தை உருட்டினாள்.